நீர்ப் பாசியின் பருமனும் மீன்குஞ்சின் இரையும்

புதுக்குடியிருப்பிலும் அதனை அடுத்த கோம்பாவில், வள்ளிபுனம், உடையார்கட்டு ஆகிய ஊர்களிலும் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர், வயலருகே ஒரு சிறு குட்டையை வெட்டி அதில் மீன்குஞ்சு வளர்க்க எண்ணுவது விரும்பத்தக்க முயற்சியே. குளங்களில் விடுதற்கேற்ற பருமனுள்ள குஞ்சுகளுக்குக் கேள்வி உண்டு. மாரி மழையால் நிறைந்து கோடையில் வற்றும் சிறு குளங்களில் மீன் வளர்வதற்குக் கிடைக்கும் காலம் ஆறு அல்லது எட்டு மாதங்களே. கார்த்திகை, மார்கழியில் நல்ல குஞ்சு விடப்படாத குளத்தில், வருகின்ற ஆவணியில் அறுவடை செய்வதற்கு ஒன்றும் இராது.

எருவிட்டால் நீர் பச்சையாகும், நீர் பச்சையானால் மீன் கொழுக்கும் என்று சொல்லப்படுவதுண்டு. இக்கூற்றிற் பாதியே மெய். கடும் பச்சையான நீரிலே மீன்குஞ்சுகள் பட்டினியால் இறப்பதும் உண்டு. இறந்த குஞ்சுகளைக் கண்ட கமக்காரர் நீரில் நஞ்சு கலந்துவிட்டதென்றோ குஞ்சு நோயுற்றதென்றோ கருதுவர். சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கலாம். ஆயினும் குஞ்சின் வயிறு வெறுமையாக ஒட்டிக் கிடப்பின் காரணம் வேறாகும். சுற்றிலும் உணவு நிறைந்திருந்தும் வாயிற் புகத்தக்க உணவு அங்கே இருந்திராது.

கெண்டையினத்தைச் சேர்ந்த கட்லா, ரோகு, மிரிகால் முதலிய மீன்களின் குஞ்சு, முட்டையிலிருந்து வெளிவந்து மூன்றாம் நாளளவில் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீளமுடையதாய் இரை தேடத் தொடங்கும். அவ்வேளையில் அது உண்பது பெரும்பாலும் பாசியன்று. நீரில் மிதந்து அலையும் நுண்ணிய விலங்குகளையே அது உண்ணும். இவற்றை விலங்குப் பிளாந்தன் என நூல்கள் கூறும். அந்நுண் விலங்குகளே பாசியை மேய்வன. ஆகவே எருவுக்கும் மீனுக்கும் இடையே இரண்டு வாய்கள் உள. எருவைப் பாசி உண்கிறது. பாசியை நுண் விலங்கு உண்கிறது. நுண் விலங்கை மீன்குஞ்சு உண்கிறது. இவற்றுள் நடுவேயுள்ள வாய்க்கு ஏற்ற அளவிற் பாசி அமையாவிடின், அதன் பின் வருவது ஒன்றும் நடைபெறாது.

அளவை அறியும் வழி

நுண்பாசியின் உடல் பெரும்பாலும் ஒரே கலத்தால் ஆனது. அதன் பருமனை மைக்கிரோனில் அளப்பர். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு கூறு ஒரு மைக்கிரோனாகும். மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்கிரோன் தடிப்புடையது என்றால் இதன் சிறுமை விளங்கும்.

நுணுக்குக்காட்டி இல்லாதோர் இதனை வேறு வகையில் மனத்திற் கொள்ளலாம். குட்டையிலுள்ள யாவும் 300 மடங்கு பெருத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 5 மைக்கிரோன் பருமனுள்ள குளோரெல்லா என்னும் பச்சைப் பாசி அப்போது ஒரு கடுகின் அளவாகும். அதனை உண்ணும் றொட்டிபர் என்னும் உயிர், 200 மைக்கிரோன் நீளமுடையதாதலின், ஒரு கைவிரலின் நீளமாகும். மொயினா என்னும் நீர்த்தெள்ளு ஓர் அடி நீளமுள்ள விலங்காகும். இரை தேடத் தொடங்கும் மீன்குஞ்சோ ஆறடி மனிதனாகிவிடும். வெயிற் காலத்தில் குளத்தின் மேற்பரப்பிற் பச்சைப் படையாய்த் திரளும் மைக்கிரோசித்திசு என்னும் நீலப்பச்சைப் பாசியின் ஒரு கூட்டம், அதே கணக்கில், உள்ளங்கையை நிரப்பும் கட்டியாகும். இன்னும் பெரிய கூட்டங்களும் உண்டு. அவை வெறுங் கண்ணுக்கே புள்ளிகளாகத் தெரியும். கைவிரலளவான உயிர் கடுகை விழுங்கும். உள்ளங்கையளவு கட்டியை அது என்ன செய்யும்?

பருமன் இரு மடங்கானால் உணவின் அளவும் இரு மடங்கே ஆகும் என்று எண்ணுதல் தவறு. உருண்டையான ஒன்றின் விட்டம் இரு மடங்கானால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். 3 மைக்கிரோன் பருமனுள்ள நன்னோகுளோரொப்சிசு என்னும் பாசியையும் 12 மைக்கிரோன் பருமனுள்ள தெத்திராசெல்மிசு என்னும் பாசியையும் ஒப்பிட்டால், பின்னதில் ஒரு கலம் முன்னதில் 64 கலங்களுக்குச் சமமான கொள்ளளவு உடையது. எனவே உண்ணும் உயிருக்கு, தன் வாய்க்கு அடங்குமளவிற் பெரிய கலமே இலாபமாகும். அடங்காத கலம் எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. மிகச் சிறிய கலத்தைப் பிடிப்பதற்கும் உழைப்பு வேண்டும். சில உயிர்களின் வடிகட்டிக்குள் அது நில்லாது வழுவிப் போவதும் உண்டு. ஆகையால் ஒவ்வோர் உயிருக்கும் நன்கு பொருந்தும் ஒரு நடுத்தர அளவு உண்டு.

மேயும் உயிர்கள்

மீன்குட்டைகளிற் பெரிதும் காணப்படுவன மூன்று வகை. முதலாவது றொட்டிபர். இதன் தலையிலுள்ள மயிர் வளையம் அசையும்போது வண்டிச் சில்லுச் சுழல்வது போலத் தோன்றும். அவ்வசைவினால் நீரோட்டம் ஒன்று உண்டாகிப் பாசிக் கலங்கள் வாயை அடைகின்றன. உள்ளே அரைக்கும் உறுப்பொன்று இருந்து அவற்றை நசுக்குகின்றது. உவர்நீரில் வாழும் பிராக்கியோனசு என்னும் றொட்டிபர் ஏறக்குறைய 20 மைக்கிரோன் வரையுள்ள துணிக்கைகளை உண்ணும். அதற்கு மேற்பட்டவற்றை விட்டுவிடும்.

இரண்டாவது நீர்த்தெள்ளு. மொயினா, தபினியா, செரியோதபினியா, தயபனோசோமா முதலியன இவ்வினத்தன. இவை இரண்டு ஓடுகளுக்கு இடையிலுள்ள கால்களை இடைவிடாது அசைத்து நீரை வடிக்கின்றன. கால்களிலுள்ள மயிர்கள் மிக நெருங்கிய அரிதட்டுப் போல அமைந்துள்ளமையால், பாசி மட்டுமன்றிப் பற்றீரியாவும் அதில் அகப்படும். சாணக் கரைசலில் மொயினா விரைந்து பெருகுவதன் காரணம் இதுவே. வெப்பமான நீரிற் பிறந்த மொயினா 4 முதல் 7 நாளிற் குட்டியிடும் பருவத்தை அடைந்துவிடும்.

இவ்வினம் ஒரு தொல்லைக்கு உட்பட்டது. நீண்ட நூல் போன்ற பாசி ஓட்டின் இடைவெளியுள் நுழைந்தால் அது வடிகட்டியிற் சிக்கிக்கொள்ளும். நீர்த்தெள்ளு தன் வாற்புறத்து நகத்தால் அதனை வெளியே தள்ளும். தள்ளும்போது, திரட்டி வைத்த நல்லுணவும் அதனோடு வெளியே போய்விடும். நூற்பாசி மிகுந்த நீரில் அது தன் ஓட்டின் வாயையே ஒடுக்கிக்கொண்டு குறைவாக உண்ணும். அரிதட்டில் வைக்கோற் கூளம் அடைத்துக்கொண்டால் நெல் தூற்றுவோர் படும் பாடு இதனை ஒக்கும்.

மூன்றாவது சைக்கிளொப்சும் அதன் இனத்தனவும். இவை வெறுமனே வடித்து உண்பனவல்ல. கலத்தை ஒவ்வொன்றாகப் பற்றி உண்ணவும், வேண்டாததை விலக்கவும் வல்லவை. வளர்ந்த சைக்கிளொப்சு சிறு விலங்குகளையும் பிடித்துத் தின்னும். அப்போது பிறந்த மீன்குஞ்சையும் அது கடித்துக் காயப்படுத்தும் ஆதலின், இது நண்பனா பகைவனா என்பது குஞ்சின் வயதைப் பொறுத்தது.

வாயளவைக் கணக்கிட்டோர்

நியூசிலாந்து அறிஞராகிய கரோலின் பேர்ன்சு, வெவ்வேறு நீளமுள்ள நீர்த்தெள்ளுகளுக்கு நுண்ணிய மணிகளை ஊட்டி, எவ்வளவு பெரிய மணியை அவை விழுங்குகின்றன என அளந்து 1968ஆம் ஆண்டில் வெளியிட்டார். உடலின் நீளத்தை மில்லிமீற்றரிற் கொண்டு 22ஆற் பெருக்கி, ஏறத்தாழ 5ஐக் கூட்டினால், விழுங்கத்தக்க மிகப் பெரிய துணிக்கையின் அளவு மைக்கிரோனிற் கிடைக்கும் என்பது அவர் கண்ட விதி. இதன்படி 1 மில்லிமீற்றர் நீளமுள்ள நீர்த்தெள்ளு 27 மைக்கிரோன் வரையும், அரை மில்லிமீற்றர் நீளமுள்ளது 16 மைக்கிரோன் வரையும் விழுங்கும். குட்டையிற் பாசி 10 மைக்கிரோன் அளவில் இருப்பின் தாயும் குட்டியும் உண்ணும். 25 மைக்கிரோன் அளவில் இருப்பின் தாய் உண்ணக் குட்டி பட்டினி கிடக்கும். குட்டி பிழைக்காத இனம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மிகப் பெரியது எது என்பது ஒன்று. மிகப் பொருந்துவது எது என்பது மற்றொன்று. 1994இல் தென்மார்க்கு அறிஞர்கள் பல்வகை நுண் உயிர்களின் அளவையும் அவை விரும்பும் இரையின் அளவையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர். றொட்டிபரும் சைக்கிளொப்சின் இனமும் தம் உடற்பருமனில் ஏறக்குறைய 18இல் ஒரு கூறுள்ள இரையையும், நீர்த்தெள்ளு 50இல் ஒரு கூறுள்ள இரையையும் நன்றாக உண்கின்றன எனக் கண்டனர். இதிலிருந்து, கமக்காரர் எளிதில் எதிர்பாராத ஒன்று பெறப்படுகின்றது. பெரிய விலங்கு பெரிய பாசியையே தின்னும் என்பதில்லை. றொட்டிபரிலும் பல மடங்கு பெரிதான மொயினா, றொட்டிபர் உண்ணும் அதே சிறு பாசியையே உண்கின்றது. மாடும் ஆடும் ஒரே புற்றரையில் மேய்வது போன்றது இது. ஆகவே இரண்டும் போட்டியிடும். பெரும்பாலும் பெரியதே வெல்லும்.

இப்போட்டியை உலகறியச் செய்தவர்கள் புரூக்சு, தொட்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர். கொனற்றிக்கற்று மாநிலத்திலுள்ள கிறித்தல் ஏரியில் 1942இற் பெரிய நீர்த்தெள்ளுகள் நிறைந்திருந்தன. பின்னர் நுண் விலங்குகளைத் தின்னும் மீன் ஒன்று அவ்வேரியிற் புகுந்தது. 1964இல் மீண்டும் பார்த்தபோது பெரியன மறைந்து சிறியனவே எஞ்சியிருந்தன. மீன் இல்லாதபோது பெரிய மேய்விலங்கு பாசியை வாரி உண்டு சிறியவற்றை நெருக்கிவிடும். மீன் வந்தபின் பெரியதே கண்ணிற் பட்டு அழியச் சிறியன தலைதூக்கும். அவர்கள் 1965இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுவே.

இலங்கைக் குளங்களிலோ இயல்பாகவே பெரிய தபினியா அரிது. இலங்கையிற் பிறந்து பின்னர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சி. எச். பெர்னாண்டோ, இந்நாட்டு நன்னீரின் விலங்குப் பிளாந்தனைப் பற்றி 1980இல் எழுதியபோது இதனை எடுத்துக்காட்டினார். வெப்ப நாட்டு நீர்களில் சிறிய உடலுடைய நீர்த்தெள்ளுகளும் றொட்டிபர்களுமே மிகுதி. குளிர்நாட்டு நூல்களிற் பெரிய தபினியாவைப் பற்றிக் கூறப்படுவனவற்றை வன்னிக் குட்டைக்கு அப்படியே பொருத்தலாகாது. இங்குள்ள மேய்விலங்கின் வாய் சிறிது. ஆகவே இங்கு வேண்டிய பாசியும் சிறிதாக இருத்தல் வேண்டும்.

பொரிப்பகங்களிற் கண்ட அனுபவம்

யப்பானில் விலாங்கு வளர்க்கும் குட்டைகளிற் பச்சை நீர் திடீரென நிறம் மாறி விலாங்குகள் இறப்பது முன்னாளிற் பெருந் தொல்லையாக இருந்தது. றொட்டிபர் அளவின்றிப் பெருகிப் பாசி முழுவதையும் தின்றுவிடுவதால் அந்நிறமாற்றம் நேர்ந்தது. அத்தொல்லை தந்த உயிரையே மீன்குஞ்சுக்கு இரையாக வளர்க்கலாம் என 1960இல் இத்தோ என்னும் அறிஞர் காட்டினார். அதன் பின்னரே கடல்மீன் குஞ்சுகளைப் பொரிப்பகத்திற் பெருந்தொகையாக வளர்க்கும் வழி திறந்தது. பகை என விலக்கியது தொழிலுக்கு முதலானமை இங்கு நோக்கத்தக்கது.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் நீருயிரின வளர்ப்பு நிறுவனம் 1997இற் கொடுவா மீனைத் தொட்டியிற் சினைப்படுத்திக் குஞ்சு பொரிக்கச் செய்தது. கொடுவாக் குஞ்சின் முதல் இரை றொட்டிபரே. அதன் பின்னரே, ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் நீளமுள்ள ஆட்டீமியாக் குஞ்சு அதற்குக் கொடுக்கப்படும். றொட்டிபருக்கோ குளோரெல்லா, நன்னோகுளோரொப்சிசு போன்ற மிகச் சிறிய பாசிகள் ஊட்டப்படும். படிப்படியாக ஏறும் ஏணி போல ஒவ்வோர் அளவும் அடுத்த அளவைத் தாங்குகின்றது. ஒரு படியை விட்டு மேலே தாவ முடியாது.

மன்னார் வளைகுடாவின் மறுகரையிலுள்ள தூத்துக்குடியில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1981இல் முத்துச்சிப்பியின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்தனர். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பகுதிகளில் முன்னோர் குளித்தெடுத்த அதே இனச் சிப்பியே அது. சிப்பிக் குஞ்சு முதலில் நீரில் நீந்தும் நுண் விலங்காகவே வாழும். மயிர்த் தடிப்பளவே உள்ள அவ்வுடலுக்கு ஊட்டப்பட்டது ஐசோகிறைசிசு என்னும் பாசி. அதன் கலம் ஏறக்குறைய 5 மைக்கிரோன் அளவினது. கடினமான சுவரும் அதற்கு இல்லை. வாய்க்கு அடங்குவதும் வயிற்றிற் சீரணிப்பதும் ஒருங்கே அமைந்தமையால் அது பல நாட்டுப் பொரிப்பகங்களில் இடம்பெற்றுள்ளது.

சீரணிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அளவு பொருந்தினால் மட்டும் போதாது. கூழ் போன்ற உறையுடைய சில பச்சைப் பாசிகள் தபினியாவின் குடலினூடாக உயிரோடு வெளியே வந்து முன்னிலும் நன்றாக வளர்வதை கேரன் போட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் 1976இற் காட்டினார். குடலிலிருந்த பொசுபரசை அவை பெற்றுக்கொள்கின்றன. மாட்டின் சாணத்திற் களைவிதை முளைப்பதைக் கண்டோர்க்கு இது வியப்பைத் தராது.

உண்ணப்படாத பச்சை

குட்டையிற் பச்சை நிறம் நாளுக்கு நாள் கடுமையாகி நுண் விலங்கு ஒன்றும் தென்படாதிருப்பின், அங்கே வளர்வது பெரும்பாலும் நூற்பாசியோ கூட்டமாய்த் திரளும் நீலப்பச்சைப் பாசியோ ஆகும். மேய்வன சிறு பாசியைத் தின்று குறைக்க, தின்ன முடியாத பெரியது எஞ்சி, விடப்படும் எருவையெல்லாம் தானே எடுத்துக்கொள்ளும். தோட்டத்தில் மாடு தின்னாத பூண்டு மட்டும் செழிப்பது போலவே இதுவும் நிகழும். மைக்கிரோசித்திசு வகைகள் சில நஞ்சையும் உண்டாக்கும். ஆதலால் அத்தகைய படை மிதக்கும் நீரை மாட்டுக்கோ மனிதருக்கோ குடிக்கக் கொடுத்தலாகாது. இரவிலே இப்பாசி மூச்சுவிட்டு நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைப்பதனால், விடியற்காலையில் மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறுவதையும் காணலாம்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இவ்விடத்தில் விதிவிலக்கானது. வளர்ந்த திலாப்பியாவின் வயிற்று அமிலம் மிகவும் கடுமையானது. உகண்டாவிலுள்ள சோர்ச்சு ஏரியில் மொரியாட்டி என்பவர் திலாப்பியா இனமொன்றில் இதனை ஆராய்ந்து, நீலப்பச்சைப் பாசியின் கலச்சுவரை அவ்வமிலம் சிதைப்பதாக 1973இற் காட்டினார். ஆகவே திலாப்பியா, நடுவே வேறு வாய் எதனையும் வேண்டாது பெரிய பாசிக் கூட்டத்தை நேரே உணவாக்கிக்கொள்ளும். நம் குளங்களில் அது வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆனால் கட்லா அவ்வாறு அன்று. அது வளர்ந்த பின்னும் நுண் விலங்கையே மிகுதியாக நாடும்.

வயல்நீரிலும் இதுவே

பி. கே. டே என்னும் வங்காள அறிஞர், நெல்வயலிலுள்ள நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைதரசனைப் பதித்து மண்ணை வளப்படுத்துகின்றது என 1939இல் எடுத்துக் காட்டினார். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது இத்தகைய இயற்கை நைதரசனைப் பற்றிப் பலரும் மீண்டும் வினவினர். ஆயினும் பாசியை வயலில் விதைத்தவர் எல்லோரும் பயன் காண்பதில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்று மேய்வனவே.

உழுது நீர் கட்டிய வயலிற் சில நாளிற் பச்சை படரும். பின்னர் நீர் தானாகவே தெளிந்துவிடும். வயலிலுள்ள நீர்த்தெள்ளுகளும், விதை போன்ற ஓட்டுக்குள் வாழும் ஒசுத்திரகோடு என்னும் உயிர்களும் பாசியைத் தின்றுவிட்டன என்பதே அதன் பொருள். பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1980களில் நடந்த ஆய்வுகளில், வேப்பங்கொட்டை முதலியவற்றால் மேய்வனவற்றைக் குறைத்தபோது பாசியும் அதனாற் கிடைக்கும் நைதரசனும் பெருகின. கூழ் உறையுள் திரண்டு பெருங்கட்டியாகும் நொசுத்தொக்கு போன்றன மேய்ச்சலுக்கு எளிதில் இரையாவதில்லை. தனி இழைகளாக உள்ளன விரைவில் அழிகின்றன. அதே பருமன் விதியே இங்கும் ஆட்சி செய்கின்றது. ஆனால் விருப்பம் மட்டும் மாறுகின்றது. குட்டையில் உண்ணப்படும் பாசி வேண்டும்; வயலில் உண்ணப்படாத பாசி வேண்டும். எனவே வயலுக்குச் சொன்ன வேப்பங்கொட்டைப் பரிகாரத்தைக் குஞ்சுக் குட்டையிற் செய்தல் தவறாகும்.

நெல்வயலை வெறும் சேறு என்று கருதுவோர், குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வை நினைத்தல் நன்று. நீர்ப்பாசன வயற்றொகுதி ஒன்றில் மட்டும் 494 இன முள்ளந்தண்டிலிகள் அங்கே கணக்கிடப்பட்டன. பயிரை அழிப்பன அவற்றுட் சிலவே.

குட்டையை ஆயத்தஞ் செய்தல்

10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் உள்ள குட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடியை உலரவிட்டு, 1 முதல் 1½ கிலோகிராம் சுண்ணாம்பைப் பரவித் தூவி, சில நாள் கழித்து நீர் விடுக. நீர் புகும் வாயில் நெருக்கமான வலையொன்றைக் கட்டினால் விராற் குஞ்சும் கெழுத்தியும் உள்ளே வாரா. இந்தியக் கெண்டைக் குட்டைகளில் வழங்கும் அளவின்படி, சதுர மீற்றருக்கு 1 கிலோகிராம் பச்சைச் சாணம், அஃதாவது இக்குட்டைக்கு 50 கிலோகிராம், குஞ்சு விடுவதற்கு இரு கிழமைக்கு முன் இடப்படும். நீர் முன்னரே பச்சையாக இருப்பின் அதிற் பாதியே போதும். சாணத்தை ஒரே இடத்திற் கொட்டாது கரைத்துப் பரவ விடுதல் நன்று. பொசுபரசு உரத்தை மட்டும் மிகுதியாக இடுவோர் தாமே நீலப்பச்சைப் பாசிக்கு விருந்து வைப்போராவர். காற்றில் நைதரசனைப் பெறவல்ல அவ்வினங்களுக்கு வேறொன்றும் வேண்டுவதில்லை.

எருவிட்ட பின் முதற் கிழமையளவில் றொட்டிபர் மிகும். இரண்டாங் கிழமையில் மொயினா முதலியன பெருகும். அதன் பின்னர் சைக்கிளொப்சும் நீர்ப்பூச்சிகளும் வந்துசேரும். இரை தேடத் தொடங்கும் 6 மில்லிமீற்றர்க் குஞ்சை விடுவதாயின் றொட்டிபர் மிகுந்து மொயினா தலைகாட்டும் வேளையே தக்கது. 2 அல்லது 3 சதமமீற்றர் வரை வளர்ந்த குஞ்சை விலைக்குப் பெற்று வளர்ப்பவர் மொயினா நன்றாகப் பெருகும் வரை காத்திருக்கலாம். பிந்தி விட்டால், குஞ்சு உண்ண வேண்டிய குட்டையில் குஞ்சே உண்ணப்படும். பூச்சிகள் மிகுந்துவிட்டால், குஞ்சு விடுவதற்கு முதல் நாள், காற்றில்லாத வேளையில், 280 கிராம் மலிவான தாவர எண்ணெயையும் 90 கிராம் சவர்க்காரத்தையும் வெந்நீரிற் கலக்கிக் குட்டையின் மேற்பரப்பிற் பரப்புக. மேலே வந்து மூச்சுவிடும் பூச்சிகள் எண்ணெய்ப் படையால் இறக்கும்.

பாசி எத்தகையது என்பதை வீட்டிலே அறிய இரண்டு சோதனைகள் உள. கண்ணாடிப் போத்தலொன்றிற் குட்டை நீரை நிரப்பி, அசையாத இடத்தில் ஓர் இரவு வைத்திடுக. காலையில் பச்சை முழுவதும் மேலே படையாக ஏறியிருப்பின் அது கூட்டமாய்த் திரளும் நீலப்பச்சைப் பாசியாகும். நீர் முழுவதும் ஒரே பச்சையாக இருப்பினும் அடியிற் சிறிது படிந்திருப்பினும் அது பெரும்பாலும் மேயத்தக்க சிறு பாசியே. மற்றச் சோதனை மெல்லிய துணியால் வடிப்பது. பச்சை துணியினூடாகக் கடந்து கீழே வழிந்தால் கலம் சிறிது. துணியில் வழுவழுப்பாகவோ நூலாகவோ தங்கினாற் பெரிது.

நுண் விலங்கு போதியதா என்பதையும் அதே துணியால் அறியலாம். 50 இலீற்றர் நீரை நெருக்கமான துணியால் வடித்து, தங்கியதைச் சிறு குழாயில் இட்டுப் படியவிட்டால் 1 முதல் 2 மில்லிலீற்றர் வரை இருத்தல் வேண்டும். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது துள்ளித் துள்ளி அசையும் வெண்புள்ளிகள் தெரிந்தால் மொயினா உண்டு எனக் கொள்க. நீரின் பச்சையை அளப்பதற்குக் கை போதும். கையை முழங்கை வரை நீருள் அமிழ்த்தி உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் அளவு சரி. மணிக்கட்டளவிலேயே உள்ளங்கை மறைந்துவிட்டால் எரு இடுவதை நிறுத்திப் புதுநீர் சேர்க்க வேண்டும்.

நூற்பாசியோ மிதக்கும் படையோ ஏற்கெனவே நிறைந்துவிட்டால், மேலும் எரு இடுவது தீயில் எண்ணெய் வார்ப்பதாகும். மிதப்பதைத் துணியால் ஓரத்திற் கூட்டி அள்ளி அகற்றுக. நீரில் மூன்றிலொரு பங்கை வெளியேற்றிப் புதுநீர் விடுக. நல்ல பச்சையும் மொயினாவும் உள்ள வேறொரு குட்டையிலிருந்து சில வாளி நீரை மோரூற்றிப் பாலைத் தயிராக்குவது போலச் சேர்க்கலாம். அக்குட்டையில் நோயுற்ற மீன் இல்லை என்பதை மட்டும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

இறுதியாக மரக்கறித் தோட்டக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மேலே கூறிய யாவற்றிலும் இதுவே அடிக்கடி மறக்கப்படுகின்றது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் பூச்சிநாசினிகள் மீனைக் கொல்லாத சிறு அளவிலேயே நீர்த்தெள்ளைக் கொன்றுவிடும். நீர்த்தெள்ளு ஒருவகையிற் பூச்சிக்கு உறவினமாதலின், பூச்சியைக் கொல்லும் மருந்து அதனையும் கொல்கிறது. மருந்து கலந்த நீர் குட்டையுட் புகுந்த மறுநாள் மீன் வழக்கம் போலவே நீந்தும். ஆதலாற் கேடு ஒன்றும் இல்லை எனக் கமக்காரர் கருதுவர். ஆனால் மேய்வன அழிந்தமையால் ஒரு கிழமையிற் பாசி கட்டுமீறிப் பெருகும், குஞ்சு மெலியும். தெளிகருவியைக் குட்டையிலோ குட்டைக்கு நீர் வரும் வாய்க்காலிலோ கழுவலாகாது. மருந்தடித்த வயலின் நீரை உடனே குட்டைக்குத் திருப்பவும் கூடாது. பேராற்று நீர் முத்தையன்கட்டுக் குளத்தைக் கடந்து நந்திக்கடலையே சேர்கின்றது. ஒரு தோட்டத்திற் கழுவிய நீர் அத்தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. அக்களப்பில் வளரும் இறாற் குஞ்சும் தன் முதற் பருவத்திற் கடலிலே நுண்பாசியை உண்டு பிழைத்து வந்ததேயாகும்.

குஞ்சு பெறுதல் பற்றி அறிய விரும்புவோர், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்று நக்டா எனச் சுருக்கமாக வழங்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலரை அணுகலாம். குஞ்சு வருமுன் குட்டையை ஆயத்தஞ் செய்ய இரு கிழமை வேண்டுமாதலின், குஞ்சுக்கு நாள் குறித்த அன்றே சாணத்தைக் கரைக்கத் தொடங்குக. குஞ்சு வந்து சேரும் நாளன்று காலையிலும் ஒருமுறை துணியால் நீரை வடித்துப் பார்க்க வேண்டும். துணியில் வெண்புள்ளிகள் துள்ளாவிடின் அன்று குஞ்சை விடாது, துணியாற் செய்த தொட்டில் வலையில் வைத்து, வேறிடத்திலிருந்து வடித்தெடுத்த மொயினாவை ஊட்டி, குட்டை தேறும் வரை இரண்டொரு நாள் காத்திருத்தல் வேண்டும்.